பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை
மலையகப் பிள்ளையின் பள்ளிக்காலமும் அதன் பின் உள்ள வழிகளும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் நம் தோட்டங்களின் லயங்கள் தோறும் ஒரே கேள்வி எழுகின்றது. "இனிப் பிள்ளை என்ன செய்வது?" என்பதே அது. சித்தியெய்திய பிள்ளையின் வீட்டிலும் இக்கேள்வி உண்டு. தவறிய பிள்ளையின் வீட்டிலும் உண்டு. தாய் மலைக்குப் போகும் வழியில் இதையே நினைக்கின்றாள். தந்தை இரவில் இதையே பேசுகின்றார். பிள்ளையோ யாரிடம் கேட்பதென்று அறியாது கொழும்புக் கடையொன்றில் நிற்கும் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசுகின்றான்.

இக்கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததன்று. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மலையகப் பிள்ளை எத்தனை வயது வரை பள்ளியில் இருக்கலாம், பள்ளியை விட்டபின் எங்கே போகலாம் என்பவற்றைப் பிள்ளையும் பெற்றோரும் தீர்மானித்த காலம் மிகக் குறைவு. தோட்டத்தின் தேவையும் நாட்டின் சட்டமுமே தீர்மானித்து வந்தன. அவ்வரலாற்றை இளைஞர் அறிந்துகொண்டால் இன்று தம் முன் உள்ள வழிகளின் அருமை விளங்கும். அவ்வழிகளில் இன்னும் அகற்றப்படாத தடைகள் எவையென்பதும் விளங்கும். பெரியோர்களுக்கு இவற்றிற் பல தெரிந்தவையே. ஆயினும் தெரிந்ததை நிரல்படக் கூறுவதும் ஒரு பயனுடைய செயல் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

லயத்துப் பள்ளிக்கூடம்

நம் முன்னோர் முதலில் வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியோர் அக்காலத்திற் பலர். பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எவரும் பேச வேண்டிய நிலை அப்போது பெரிதாக எழவில்லை. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869 இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பி அழிந்து தேயிலை மலையெங்கும் பரவியது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆணும் பெண்ணும் குடும்பமாகத் தங்கியிருந்தாலன்றி அது நடவாது. எனவே லயங்களிற் குடும்பங்கள் நிலைத்தன, குழந்தைகள் பிறந்தன. தாய் கொழுந்து எடுக்கும் நேரத்திற் கைக்குழந்தைக்குப் பிள்ளை மடுவம் இருந்தது. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு என்ன இருந்தது?

இதற்கு முதலில் விடை தேடியோர் மிஷனரிமாரும் எழுத்தறிந்த சில தொழிலாளருமாவர். 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் என்னும் கிறிஸ்தவ அமைப்புத் தோட்டங்களிற் சிறு பள்ளிகளை நடத்தியது. மதமாற்றம் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் வேறெவரும் அக்கறை கொள்ளாத காலத்தில் நம் பிள்ளைகள் சிலரின் கையில் அவர்கள் பலகையும் குச்சியும் கொடுத்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. மிஷன் பாடசாலையிற் பயின்ற என் போன்றோர் இதனை நன்றியுடன் கூறக் கடமைப்பட்டவர்கள். மறுபுறம், எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவர் மாலை வேளையில் லயத்து வாசலிலோ கோயில் முன்றலிலோ பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்த லயப் பள்ளிகளும் இருந்தன. அவற்றுக்குப் பதிவேடு இல்லை, நன்கொடையும் இல்லை.

பத்து வயது என்னும் எல்லை

1907 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைச் சட்டமே தோட்டத் துரைமார் மீது முதன்முதலிற் கல்விக் கடமையை விதித்தது. 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க வேண்டும், அதற்கென ஓர் அறையை ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இக்கடமையை இறுக்கியது. அவ்வயதுப் பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு எடுத்தலாகாது என்றும் விதித்தது. இவ்விதியைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பத்து மணிக்குப் பின் எடுக்கலாம் என்பதன்றோ அதன் மறுபொருள்? நாட்டின் பிற பகுதிகளில் ஆண்பிள்ளைக்குப் 14 வயது வரை பள்ளி என்று பேசப்பட்ட காலத்தில் தோட்டப் பிள்ளைக்குப் பத்து வயதே முடிந்த முடிபாயிற்று.

ஏன் பத்து? 1927 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அச்சட்டமும் பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு எடுப்பதைத் தடுத்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கோ சம்பளமே நிர்ணயித்தது. அதன்படி 1929 இல் மலைநாட்டின் உயர்ந்த பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பள்ளி முடியும் வயதும் பெரட்டில் பேர் பதியும் வயதும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. கடன்பட்ட குடும்பத்துக்கு அந்த 32 சதம் பெரும் தொகை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரை அறியாமை உடையவர் என்று ஏசுவது எளிது. அவர்கள் நாள்தோறும் இழக்க வேண்டியிருந்த காசைக் கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே.

இன்னொரு குறையும் இருந்தது. பள்ளியை நடத்தும் பொறுப்பும் பிள்ளையை வேலைக்கு எடுக்கும் உரிமையும் ஒருவர் கையிலேயே, அதாவது தோட்டத் துரையின் கையிலேயே, இருந்தன. ஒரே அறை, ஒரே உபாத்தியாயர், ஐந்து வகுப்பு என்னும் அளவில் தோட்டப் பாடசாலை அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றுவிட்டதற்கு இதுவே முக்கிய காரணம். கொழுந்து எடுக்கவும் புல் வெட்டவும் கவ்வாத்து வெட்டவும் ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பு வேண்டியதில்லை என்று எண்ணியவர்கள் அதற்கு மேல் ஒரு வகுப்பை ஏன் கட்டப் போகின்றார்கள்?

அக்காலத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் யார்? பெரும்பாலும் பெரிய கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், சில்லறைக் கடைக்காரர் ஆகியோரின் மக்கள். ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களின் மிஷன் கல்லூரிகளிற் பணம் கட்டிப் படிக்க அவர்களுக்கே இயன்றது. வட்டகொடைக்கு அருகே மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914 இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை கங்காணி குடும்பத்தவர். அவர் ஹட்டனிலும் கொழும்பிலும் பயின்று, ஆசிரியராய், கவிஞராய், 1947 இல் தலவாக்கலைப் பாராளுமன்ற உறுப்பினராய் விளங்கினார். தமக்குக் கிடைத்த கல்வியைத் தம்மைச் சூழ்ந்த லயத்து மக்களின் துயரை உலகறியச் செய்வதிற் செலவிட்டமையே அவர் பெருமை. அவருக்கு மூத்த தலைமுறையிற் கோ. நடேசய்யர் ஹட்டனை நிலைக்களனாகக் கொண்டு 1931 இற் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் உறுப்பினராகவும் இருந்தார். அவர் தம் கொள்கையைப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என அச்செழுத்தின் வழியே பரப்பியவர். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையின் பாடல்களும் அதற்குத் துணைநின்றன. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, ஒரு லயமே கேட்டிருந்த காலம் அது.

படிப்பு இருந்தும் கதவு இல்லை

1945 அக்டோபரில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளையும் பல்கலைக்கழகம் வரை செல்லலாம் என்னும் பெரும் மாற்றம் அது. ஆயின் இலவசக் கல்வியின் பயன் மத்திய வித்தியாலயம் உள்ள ஊரிலன்றோ கிடைக்கும்? ஐந்தாம் வகுப்போடு நிற்கும் தோட்டப் பாடசாலையிலிருந்து அங்கு செல்லப் பாதை இல்லை. தோட்டங்களில் அரசாங்கப் பாடசாலை அமைக்க வழிசெய்யும் திருத்தம் 1947 இல் வந்தது. 1951 இல் அவ்வேற்பாடு நீக்கப்பட்டது.

இதற்கிடையில் வேறோர் இடி விழுந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரே. வாக்குரிமை போனதைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கின்றோம். பள்ளி முடித்த இளைஞனுக்கு அதனால் என்ன நேர்ந்தது என்பதைப் போதிய அளவு பேசவில்லை. அரசாங்க உத்தியோகத்துக்குப் பிரசாவுரிமை வேண்டும். பல இன்னல்களுக்கிடையே எஸ். எஸ். சி. சித்தியெய்திய ஒரு தோட்டத்து வாலிபன், பிரசாவுரிமைச் சான்று இல்லாமையால் எழுதுவினைஞர் வேலைக்கோ அரசாங்க ஆசிரியர் வேலைக்கோ விண்ணப்பிக்கவும் முடியாதவனாயிருந்தான். படித்தும் மலைக்கே திரும்பிய மகனைக் கண்ட அயல்வீட்டுத் தகப்பன், தன் மகனை ஏன் படிக்க வைக்க வேண்டும் என்று கேட்டதில் வியப்பென்ன? படிப்பின் மீது நம் மக்களுக்கு ஆர்வமில்லை என்று பிறர் கூறிய குற்றச்சாட்டின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

1964 அக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நிலைமையை மேலும் குழப்பியது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்ப்பதென்றும் முடிவாயிற்று. எந்த நாட்டில் வாழப் போகின்றோம் என்பது தெரியாத பிள்ளை எந்தப் பரீட்சைக்கு ஆயத்தமாவது? ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தோரிற் பாதிப்பேர் கப்பலேறிய காட்சியை நம் பெரியோர் பலர் நேரிற் கண்டவர்கள்.

இருள் சூழ்ந்த அக்காலத்திலும் விளக்கேற்றியோர் இல்லாமற் போகவில்லை. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியிற் பணியாற்றிய இரா. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் 1960களில் மாணவரைப் பரீட்சைக்கு மாத்திரம் ஆயத்தப்படுத்தவில்லை. தாம் மலையகத்தார் என்று தலைநிமிர்ந்து சொல்லவும் எழுதவும் ஒரு தலைமுறையையே பழக்கினார்கள். இந்தியத் தூதரகத்தின் ஆதரவில் 1940களிற் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்கல்வி பயிலும் தோட்டப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்கியது.

ஆசிரியர் வேலை என்னும் ஒரே ஏணி

1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1972 இலும் 1975 இலும் தோட்டங்களே அரசுடைமையான பின்னர்தான், 1977 முதல் அவை படிப்படியாகக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஜெர்மானிய உதவியுடன் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களில் ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கியது. பிரசாவுரிமைப் பிரச்சினையும் 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் ஆகியவற்றால் ஒருவாறு தீர்ந்தது.

புதிதாகப் பெருகிய பாடசாலைகளுக்கு ஆசிரியர் வேண்டியிருந்தனர். தோட்டத்திற் பிறந்து பரீட்சையில் தேறிய வாலிபரும் யுவதிகளும் நூற்றுக்கணக்கில் நியமனம் பெற்றனர். லயத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஏறிச் செல்ல நம்மவருக்குக் கிடைத்த முதற் பெரிய ஏணி இதுவே. அந்த ஆசிரியர்களின் உழைப்பே இன்று பல்கலைக்கழகத்தில் எம்மைப் போன்றோரை அமர்த்தியிருக்கின்றது.

ஆயினும் ஒரே ஏணியைக் கண்டு பழகியதால் ஒரு பழக்கமும் உண்டாயிற்று. படிப்பென்றால் ஆசிரியர் வேலை, அது கிட்டாவிடில் கொழும்புக் கடை என்னும் இரண்டையே நம் வீடுகள் அறிந்திருக்கின்றன. ஆசிரியர் வெற்றிடங்களோ முன்போல் இல்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறிய பிள்ளை தன் வாழ்வே முடிந்தது என்று எண்ணி அடுத்த வாரமே பேருந்து ஏறிவிடுகின்றான். பெண்பிள்ளையாயின் பிறர் வீட்டு வேலைக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ, சில ஆண்டின் பின் மத்திய கிழக்குக்கோ போகின்றாள். உழைத்து உண்பது எதுவும் இழிவன்று. ஆயின் வேறு வழி இருக்கின்றது என்பதை அறியாமலே ஒன்றிற் போய் விழுவதைத் தெரிவு என்று சொல்ல முடியுமா?

இன்றைய எல்லையும் இன்றைய வழிகளும்

கட்டாயக் கல்வி 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை என நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்டது. 2016 இல் மேலெல்லை 16 ஆயிற்று. 2021 இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 16 ஆக உயர்ந்தது. தோட்டப் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊர்ப் பிள்ளைக்கு ஒரு சட்டம் என்ற பழைய பிரிவு ஏட்டளவிலேனும் ஒழிந்தது. பத்திலிருந்து பதினாறுக்கு வர நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றிருக்கின்றது. ஆறு ஆண்டுக் கல்விக்கு நூறு ஆண்டுப் போராட்டம்!

ஆனால் 1920 இற்கும் இன்றைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பிள்ளை எந்த வயது வரை பள்ளியில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கின்றது. அவ்வயது முடிந்த மறுநாள் அவன் எங்கே போவது என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்லும் கடமை பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நம் சங்கம் போன்ற அமைப்புகளுக்கும் உரியது. எனவே இன்றுள்ள வழிகளைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலாவது, உயர்தர வகுப்பு. கலைப்பிரிவு பல பாடசாலைகளில் உண்டு; விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்னும் குறைவே. ஆற்றலுள்ள பிள்ளை, பிரிவு இல்லாமையால் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படாமல், அப்பிரிவு உள்ள பாடசாலைக்குச் செல்லப் பெற்றோர் துணியவேண்டும். நுவரெலியா மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டமாகக் கொள்ளப்படுவது நமக்குள்ள ஒரு வாய்ப்பு என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது, பரீட்சையில் தவறியோருக்கு உரியது. தவறிய பாடத்தை மறுமுறை எழுதலாம். அன்றியும், சாதாரண தரத்தில் தேறாதோரும் தொழிற் பாடங்களுடன் 12 ஆம், 13 ஆம் வகுப்புகளைத் தொடர்வதற்கென 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017 இல் 42 பாடசாலைகளில் ஆரம்பிக்கப்பட்டது. தன் வலயத்தில் அத்தகைய வகுப்பு எந்தப் பாடசாலையில் உண்டு என்று ஒவ்வொரு பெற்றோரும் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, தொழிற்பயிற்சி. தொழிற்பயிற்சி அதிகார சபை, பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் முதலியன இதற்கென அமைந்தவை. மின்னிணைப்பு, வாகனம் திருத்துதல், குழாய் வேலை, தையல், கணினி, ஹோட்டல் சேவை எனத் துறைகள் பல. பயிற்சியின் முடிவிற் கிடைக்கும் தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழ் ஏழு மட்டங்களை உடையது. படிப்படியாக உயர்ந்து பட்டத்துக்குச் சமமான நிலை வரை அதில் ஏறலாம். கடையில் நின்று பத்தாண்டு உழைத்தவன் கையில் அனுபவம் இருக்கும், சான்று இராது. பயிற்சி பெற்றவன் கையில் இரண்டும் இருக்கும். வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கும் இவ்வேறுபாடே சம்பளத்தை நிர்ணயிக்கின்றது.

நான்காவது, நம் காலடியிலுள்ள தேயிலை. தலவாக்கலை சென்ற் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. தொழிற்சாலை உத்தியோகத்தர், வெளிக்கள உத்தியோகத்தர், இயந்திரப் பொறுப்பாளர் எனத் தோட்டத்திலேயே கல்வி வேண்டும் பதவிகள் உள்ளன. தேயிலையை நம் முன்னோர் கையால் அறிந்தார்கள். அதன் மண்ணையும் இரசாயனத்தையும் சந்தையையும் கற்றறிந்தவர் நம்மிடையே ஏன் பெருகலாகாது?

இவ்வழிகளிற் குறைகளும் உண்டு. தமிழிற் பயிற்றும் ஆசிரியர் இல்லாத பாடநெறிகள் பல. பேருந்துக் கட்டணமும் தங்குமிடச் செலவும் நாட்சம்பளக் குடும்பத்துக்குப் பாரம். 1929 இற் 32 சதம் செய்த வேலையை இன்று இச்செலவு செய்கின்றது. அன்று சட்டம் மாத்திரம் போதாமற் போனது போலவே இன்றும் அறிவித்தல் மாத்திரம் போதாது.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே, சங்கத்தின் மூத்தோரிடமும் இளையோரிடமும் மூன்று காரியங்களைப் பணிவுடன் வேண்டுகின்றேன்.

ஒன்று, ஒவ்வொரு தோட்டத்திலும் அவ்வாண்டு பள்ளியை விட்ட பிள்ளைகளின் பெயரை நம் அங்கத்தவர் ஒருவர் ஒரு கொப்பியிற் குறித்து வைக்கட்டும். யார் எங்கே போனார் என்பது தெரியாமல் எவருக்கும் உதவ முடியாது.

இரண்டு, பதினைந்து வயதாகும்போதே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் சரிபார்ப்போம். பெயரில் ஓரெழுத்துப் பிழை இருந்தாலும் பரீட்சையிலும் நேர்முகத் தேர்விலும் அலைச்சல் உண்டாகும். ஒரு துண்டுக் கடதாசி இல்லாமையால் ஒரு தலைமுறையே கதவுக்கு வெளியே நின்றது என்பதை வரலாறு நமக்குக் காட்டியிருக்கின்றது.

மூன்று, பல்கலைக்கழகத்திலுள்ள நாம் விடுமுறைக்கு வரும்போது ஞாயிறு தோறும் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுப்போம். சங்க மண்டபம் அதற்குப் போதும். பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையோடு முதல் நாள் ஒருவர் துணைபோனால் அதுவே பெரிய உதவி. அறியாத இடத்தில் வாயில் வரை சென்று திரும்பி வந்த பிள்ளைகள் நம்மிடையே அநேகர்.

கோயில் முன்றலில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத தொழிலாளிக்கு அரசாங்கச் சட்டமோ சம்பளமோ துணையிருக்கவில்லை. அவருக்கில்லாத மின்விளக்கும் மண்டபமும் புத்தகமும் நமக்கு இருக்கின்றன. அடுத்த பெறுபேறு வெளிவரும் நாளில், "இனிப் பிள்ளை என்ன செய்வது?" என்று கேட்கும் தாய்க்கு விடை சொல்ல ஒவ்வொரு தோட்டத்திலும் நம் சங்கத்தார் ஒருவர் ஆயத்தமாய் இருப்பாராக.